பூட்டு எந்தப் பக்கம்

வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் அவள் எல்லோருக்கும் சிஸ்டர்தான். மருந்துக்கடைக்காரர், மாடிவீட்டு அம்மா, வகுப்பில் கூடப் படிக்கும் பதினோரு பேர், ஒருவர் பாக்கியில்லை. கல்யாணமான புதிதில் விளையாட்டாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்த கணவரும் இன்றுவரை விடவில்லை.

எலும்பு முறிவு வார்டில் இருபத்திரண்டு வருஷம் ஓடியாடியவள். ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதும் வேலையை விட்டாள். அங்கே அவளை ரொம்ப நாளாக ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. எலும்பு கூடியிருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், ஆனாலும் சிலர் வலிக்கிறது என்று அழுவார்கள். டாக்டர்கள் "ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அந்த "மனசுதான்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நாற்பத்து மூன்று வயதில் ஆழ்மன உளவியல் படிக்கச் சேர்ந்தாள்.

முதல் மூன்று வருஷம் சொர்க்கம். கனவுகளைப் படித்தார்கள். மனிதர் எல்லோருக்கும் பொதுவாக, யாரும் சொல்லிக்கொடுக்காமலே மனசின் அடியில் கிடக்கும் தொல்படிமங்களைப் படித்தார்கள். காப்பாற்றும் தாய், விழுங்கும் தாய், நாம் யாருக்கும் காட்டாத நிழல், பிறரைக் கரையேற்றியே தீருவேன் என்று நிற்கும் மீட்பர். சிஸ்டருக்கு வார்டில் பார்த்த முகங்களெல்லாம் புதிதாக விளங்கின. நாலாம் வருஷம் நிஜ ஆட்களைப் பார்க்க வேண்டும். மேற்பார்வை செய்பவரிடம் வாராவாரம் ஒப்பிக்க வேண்டும். கடைசியில் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதில் மேற்பார்வையாளரின் கையெழுத்து வாங்கினால்தான் பட்டயம்.

அவளுக்கு வாய்த்த மேற்பார்வையாளர் அவளைவிட ஒன்பது வயது சின்னவர். படிப்பில் புலி. எல்லோரும் மேடம் என்பார்கள், சிஸ்டரும் அப்படியே கூப்பிட்டாள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த கிளினிக்கில், புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பெண்ணை அவளுக்கு ஒதுக்கினார்கள். நோயாளிகளின் பெயரைக் குறிப்பில் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் கோப்பில் அந்தப் பெண் 'புதன் பதினொன்று' ஆனாள். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சொல்லுவாங்க, உங்களுக்குக் கிடைச்சிருக்கு" என்று வரவேற்பில் இருந்தவள் சிரித்தாள்.

முப்பத்தொரு வயது. வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைப்பவள். அப்பா அம்மா போன பிறகு அண்ணனோடு இருந்தாள். கண் காட்ட அண்ணன் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்து நெற்றியில் நாலு தையல். உடம்பில் ஒன்றும் இல்லை என்று அங்கிருந்த டாக்டர், வாரம் ஒருமுறை மனநல ஆலோசனை கட்டாயம் என்று எழுதி அனுப்பியிருந்தார்.

அண்ணன்தான் ஒவ்வொரு வாரமும் வேலையில் அனுமதி வாங்கிக் கூட்டிவந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். தேய்த்த சட்டை, தணிந்த குரல், தங்கைக்கென்று தனியாக ஒரு குடை.

"வெளியே போனாலே படபடன்னு வந்துடும் சிஸ்டர் அவளுக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நான் கண்ணுக்குள்ள வெச்சுத்தான் பாத்துக்கறேன்."

நல்ல மனிதர் என்று சிஸ்டர் நினைத்தாள். தங்கைக்கு வாய்த்த அண்ணன்.

அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு கனவு சொன்னாள்.

"ஒரு வீடு. சுத்தியும் கதவுங்களா இருக்கு. கைப்பிடி இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. கிட்டப் போய்த் தொட்டா சுவரு. யாரோ கதவு மாதிரி வரைஞ்சு வெச்சிருக்காங்க."

வியாழக்கிழமை மேற்பார்வையில் இதைச் சொன்னதும் மேடம் நாற்காலியில் நிமிர்ந்தே விட்டார்.

"சிஸ்டர், இது அம்மா! பெத்த அம்மா இல்ல. வயித்துக்குள்ளேயே வெச்சுக்கிட்டு வெளியே விடமாட்டேங்கிற அந்த ஆதித் தாய். கதவு இருக்கு, திறக்காது. ஏன்னா இவளுக்குப் பிறக்க விருப்பமில்ல. எத்தனை அழகான படிமம்! இதையே கட்டுரையா எழுதுங்க."

'வரைந்த கதவு' என்று தலைப்பும் மேடமே வைத்தார். வகுப்பில் மற்றவர்களுக்கு உள்ளூரப் பொறாமை. தங்கத் தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல் ஒரு கனவு யாருக்குக் கிடைக்கும்? இரண்டாம் மாத முடிவில், அந்தப் பெண்ணை அனுப்பிய டாக்டருக்கு ஓர் அறிக்கை போக வேண்டியிருந்தது. சிஸ்டர் எழுதினாள்: 'நோயாளியின் மனம் வெளி உலகத்துக்கு இன்னும் தயாராகவில்லை.' மேடம் அதைப் படித்துவிட்டு, "கச்சிதம்" என்றார். அண்ணனுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள்.

பிறகுதான் சிஸ்டரின் பழைய கண் விழித்துக்கொண்டது. வார்டில் இருபத்திரண்டு வருஷம் பழகிய கண். படித்த படிப்புக்கு அடங்காமல் அது தன் பாட்டுக்குக் கணக்கெடுத்தது. வலதுகை ஆள்காட்டி விரல் நகம் எப்போதும் பிய்ந்திருந்தது, ஊசி குத்திய பிய்ச்சல் அல்ல அது. தோல், நிலவறையில் வைத்த உருளைக்கிழங்கின் முளை போல வெளுத்திருந்தது. வந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போவாள், கால்மணி நேரம் வரமாட்டாள். ஜன்னல் பக்க நாற்காலியில்தான் உட்காருவாள். பயந்த பெண் ஜன்னலை விட்டுத் தள்ளியல்லவா உட்கார வேண்டும்?

மேடத்திடம் சொன்னாள்.

"இது நர்ஸ் பேசறது, சிஸ்டர். உங்களுக்குள்ள மீட்பர் எழுந்து உக்காந்துட்டார். அவரைக் கவனிங்க."

"இல்ல மேடம், எனக்கு நிஜமாவே என்னமோ..."

"அந்த 'நிஜமாவே' இருக்கே, அதுதான் அவரோட குரல்."

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. ஆமாம் என்று தலையாட்டினால் மேடம் சொன்னது நிரூபணமாகிவிடும். இல்லை என்றால் அது எதிர்ப்பு, அதுவும் நிரூபணம்தான். அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடத்தின் முடிவில்தான் வந்து முட்டிக்கொண்டாள். அதைவிடக் கொடுமை, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்தது. கறிகாய் நறுக்கும்போது கோபம் வந்தால் இது யாருடைய கோபம் என்று யோசித்தாள். மகள் போன் செய்யாத நாளில் வருத்தப்படக்கூட விடாமல், நீ விழுங்கும் தாயா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

"துண்டு எங்கேன்னு கேட்டேன்" என்று கணவர் ஒருநாள் மகளிடம் போனில் புலம்பினார். "நீங்க தேடறது துண்டை இல்லைங்கிறா உங்கம்மா. தலையில தண்ணி சொட்டச் சொட்ட நிக்கறேன், வேற எதைத் தேடுவேன்?"

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீயை ஆற்றிக்கொண்டே, அந்த வாரம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை வெளியே எடுத்த கதையைச் சொன்னார். சிஸ்டர் வழக்கத்துக்கு விரோதமாகக் கேட்டாள்.

"போனதும் அவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?"

"எத்தனை பேரு, மூச்சு வருதா, எந்த மாடிக்கு நடுவுல நிக்குது. வேற என்ன கேக்கறது?"

"எதுக்கு ஏறினாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "சிஸ்டர், உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் வந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அதே கனவு மறுபடி வந்ததாகச் சொன்னாள். கனவின் வாலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், விசாரணை செய்யக்கூடாது என்பதுதான் சிஸ்டர் கற்ற முறை. வார்டில் புதிதாக வந்த நோயாளியிடம் கேட்கும் முதல் நாலு கேள்வியில் ஒன்றை மென்று முழுங்கிக்கொண்டுதான் இத்தனை வாரமும் இருந்திருக்கிறோம் என்று அப்போது தோன்றியது. கேட்டுவிட்டாள்.

"பகல்ல வீட்ல பாத்ரூம் போறதுல ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?"

"கஷ்டமில்ல. பக்கெட் இருக்கு."

"பாத்ரூம் எங்க இருக்கு?"

"அது ரூமுக்கு வெளியில. அண்ணன் வந்தப்புறம் போவேன்."

மழை வரும்போலிருக்கு என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

"ரூமைப் பூட்டிட்டுப் போவாரா?"

"ரூமையும் பூட்டுவாரு, வாசலையும் பூட்டுவாரு. எட்டரைக்கு. ஆறு மணிக்கு வந்து திறப்பாரு." பிறகு அவசரமாக, "கெட்டவர் இல்ல. சாப்பாடெல்லாம் எடுத்து வெச்சிட்டுத்தான் போவாரு. ஒரு தடவை நான் வேலை தேடிக் கிளம்பிட்டேன். பயந்துட்டாரு."

"எத்தனை வருஷமா?"

அவள் விரல்களை மடக்கினாள். "ஆறு."

அறைக்கு வெளியே, அண்ணன் குடையை மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிஸ்டர் மேடத்தின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். மேடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"பக்கெட்" என்றார் மெதுவாக. "பாத்திரம். தாயோட இன்னொரு உருவம்."

"மேடம், அது பிளாஸ்டிக் பக்கெட்!"

மேடம் கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை. "நடந்ததாவே இருக்கட்டும். நீங்க இப்ப யாருக்காவது போன் பண்ணினா என்ன ஆகும்? அண்ணன் பூட்டினார், நீங்க திறப்பீங்க. ரெண்டுலயும் அவ கையில சாவி கிடையாது. ஒரு வாரம் பொறுங்க. அடுத்த புதன்கிழமை அவகிட்டயே பேசுங்க. என்னை மீறிப் போனா நான் கையெழுத்துப் போட முடியாது. அது உங்களுக்குத் தெரியும்."

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிஸ்டர் ஒரு வாரம் ஓட்டினாள். மூன்றரை வருஷப் படிப்பு, எழுதி முடித்த கட்டுரை, ஒரே ஒரு கையெழுத்து. தினமும் காலை எட்டரைக்கு அவள் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். ஆறு மணிக்கு மறுபடி போகும். இடைப்பட்ட நேரத்தில் எந்த வேலை செய்தாலும் மூச்சு முழுசாக இறங்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெண் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு அண்ணன் போன் செய்தார்.

"அவளுக்கு இப்போ தேவலை சிஸ்டர். இனிமே வரல. அங்க வந்துட்டு வந்தா மனசு கலைஞ்சு போகுது. நீங்களே எழுதியிருந்தீங்களே, அவ மனசு வெளி உலகத்துக்குத் தயாரா இல்லைன்னு. அந்தக் காகிதத்தைப் பத்திரமா வெச்சிருக்கேன். எனக்கு அது பெரிய ஆறுதல்."

சிஸ்டர் போனை வைத்தாள். கோப்பில் முகவரி இருந்தது. அதை எடுப்பதும் விதிக்கு விரோதம்தான். எடுத்தாள்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. மதிய வெயிலில் படிக்கட்டெல்லாம் ஆளரவமில்லாமல் கிடந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு, அதற்குக் கீழே இன்னொன்று. கதவைத் தட்டினாள். பக்கத்துச் சுவரில், மாடத்தைவிடச் சற்றே பெரிய ஒரு ஜன்னல், உள்பக்கம் பலகை அடித்திருந்தது. அதற்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

"யாரு?"

"நான்தாம்மா. சிஸ்டர்."

உள்ளே எதையோ நகர்த்தும் சத்தம். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் நாலு விரல் நுனிகள் தெரிந்தன. திருகாணியை நகத்தால் திருப்பித் திருப்பித்தான் அந்த இடைவெளி உண்டாகியிருந்தது. விழுங்கும் தாயைப் பற்றி இருபத்தெட்டுப் பக்கம் எழுதிய கையால் சிஸ்டர் அந்த விரல்களைத் தொட்டாள். சில்லென்றிருந்தன.

"உனக்கு வெளியே வரணுமா?"

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் ஒலி கேட்டு ஓய்ந்தது.

"வரணும். ஆனா அவர் வர்றதுக்குள்ள திரும்பிடணும்."

"திரும்ப வேண்டாம்னா?"

"அப்படி முடியுமா?"

மகளிர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு சிஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்தே போன் செய்தாள். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். கணவருக்கும் செய்தாள். பூட்டை நானே வெட்டித் தரேன் என்றார் அவர். வேண்டாம், சட்டப்படி நடக்கட்டும், நீங்கள் வந்து பக்கத்தில் மட்டும் இருங்கள் என்றாள். அவர் வேலைப்பையோடு வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அந்தப் பெண் அழ ஆரம்பித்திருந்தாள். "அவரை அடிக்க மாட்டாங்களே? அவருக்கு அல்சர் இருக்கு" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அலுவலரும் இரண்டு பெண் காவலர்களும் பூட்டை உடைத்தபோது மணி மூன்றரை. வெளியே வந்தவள் முதல் படியில் கால் வைக்கத் தெரியாமல் நின்றாள். சிஸ்டர் கை நீட்டினாள். அவள் கையைப் பிடிக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அண்ணன் அலுவலகத்தில் குழந்தை மாதிரி அழுதார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, தான் செய்தது காவல் என்றே நம்பினார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தார். "இதோ, இவங்களே எழுதிக் கொடுத்தது." அலுவலர் அதைப் படித்துவிட்டு சிஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த வகுப்பிலும் விளக்கம் சொல்லித் தந்திருக்கவில்லை.

மேடத்தை மீறியதற்காகப் பயிற்சிக் குழு சிஸ்டரை நிறுத்தி வைத்தது.

மூன்று வாரம் கழித்து அலுவலர் அழைத்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் அந்தப் பெண்ணைத் தற்காலிகமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அண்ணன் அந்த அறிக்கையைக் காட்டி, தங்கையால் தனியாக இருக்க முடியாது, அவளை என்னிடமே விடுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறார். அதை மறுத்து அதே கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். சிஸ்டர் எழுதினால் செல்லாது, மேடம் கையெழுத்துப் போட வேண்டும்.

சிஸ்டர் மேடத்தின் முன் போய் நின்றாள். உட்காரச் சொல்லும்வரை நின்றாள்.

"போடறேன்" என்றார் மேடம். "ஆனா நீங்களும் எனக்கு ஒண்ணு எழுதித் தரணும். மேற்பார்வையை மீறினது மீட்பர் படிமத்துக்கு ஆட்பட்டுச் செஞ்சதுன்னு. குழுவுக்கு நான் அதைக் காட்டணும். அப்புறம் இன்னொரு வருஷம், என்கிட்டயே."

"எழுதலைன்னா?"

"நிறுத்தி வெச்ச ஆளோட நோயாளிக்கு நான் எந்த அடிப்படையில கடிதம் கொடுக்க முடியும்?"

இந்த வழியும் கடைசியில் மேடத்தின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. சிஸ்டர் அதில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டதைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் பேனாவைத் திறந்தாள். எழுத எழுத அது முழுப் பொய்யாக இல்லை என்று தெரிந்தது. பூட்டு உடைந்து கதவு திறந்தபோது, அந்தப் பெண் தன் தோளில் விழுந்து அழுவாள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கையைப் பிடிக்காமல் போனபோது சுருக்கென்றிருந்தது. அதையும் எழுதினாள். கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரி சேர்த்தாள்: 'மீட்பர் என்னிடம் இருந்தது உண்மை. கதவு பூட்டியிருந்ததும் உண்மை. முதலாவதை மூன்று மாதம் பேசினோம். இரண்டாவதைக் கேட்க ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.'

மேடம் இரண்டு முறை படித்தார். அந்தக் கடைசி வரியை அடிக்கச் சொல்வார் என்று சிஸ்டர் காத்திருந்தாள். சொல்லவில்லை. "என்கிட்டயும் ஒரு சனிக்கிழமை நோயாளி உண்டு, அவகிட்ட நானும் கேக்காம..." என்று ஏதோ ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டு விடுதிக் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை அலுவலரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியைத் தானே அந்தப் பெண்ணிடம் கொண்டுபோனாள் சிஸ்டர். விடுதி வாசலில் வாடைக் காற்று. அந்தப் பெண் இறங்கி வந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. கடிதத்தைப் பிரித்து, உதடு அசையப் படித்து, மடித்துக்கொண்டாள். மேலே வாங்க என்று சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளும்மா."

"நான் சொன்னது ஒரு புதன்கிழமை. நீங்க வந்தது அடுத்த புதன்கிழமை. நடுவுல ஏழு நாள். சத்தம் கேக்கறப்பல்லாம் நீங்கதான்னு நெனச்சேன். ஏன் வரல?"

சிஸ்டருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. முறை, விதி, சாவி யார் கையில் என்ற நியாயம். எல்லாவற்றையும் அவள் வாயருகே கொண்டுவந்து பார்த்தாள்.

"ஒரு கையெழுத்துக்குப் பயந்துட்டேம்மா."

அந்தப் பெண் மடித்த கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். "எனக்கும் அண்ணன்னா பயம்தான்" என்றாள். "சரி, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று திரும்பினாள். அவள் ஒரு சலவை நிலையத்தில் சேர்ந்திருந்தாள் என்று பிறகு அலுவலர் சொல்லித்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு சிஸ்டர் மறுபடி மேடத்தின் அறைக்குப் போனாள். இன்னும் ஐம்பத்தொரு வியாழக்கிழமைகள் பாக்கியிருந்தன.